கிளாத்தி இருக்கும் தொட்டியில் நத்தை விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டில் கடல்மீன் வளர்ப்பது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். கீழே கட்டம் கட்டி, ‘பாசித் தொல்லையா?’ என்று கேட்டு, பதிலும் நீங்களே சொல்லியிருந்தீர்கள்: நத்தை இருபது, சன்யாசி நண்டு பத்து, கடல் முள்ளெலி ஒன்று வாங்கி விட்டால் ஒரே மாதத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும், அதற்கும் அடங்காவிட்டால் கடையில் பாசி மருந்து கிடைக்கும் என்று. அந்தக் கட்டத்துக்கு நேர் மேலே அச்சாகியிருந்த படத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தீர்களா? பிக்காசோ கிளாத்தி என்கிற முரட்டுக் கடல்மீன். நீங்கள் சொன்ன மூன்றும் அவருக்கு முறையே காலை, மதியம், ராத்திரிச் சாப்பாடு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மற்றவர்களாவது கொடுக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதாக இருந்தால் தயவுசெய்து கணக்கு வரும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருஷம் உர விற்பனை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மீன் என்றால் குழம்பில் கிடப்பது என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கூடத்தில் தொட்டியை வைத்தது என் மகன். ஒன்றரை வருஷம் ஆசை ஆசையாக வளர்த்தான். அப்புறம் மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது, ‘அப்பா, தினமும் சாப்பாடு மட்டும் போட்டால் போதும், மற்றதெல்லாம் அதுபாட்டுக்கு ஓடும்’ என்றான். கறவை மாட்டை விட்டுப் போகிறவனும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான்.

தொட்டியில் அப்போது மூன்று பேர். சென்னை கொளத்தூரில் வாங்கிய பிக்காசோ கிளாத்தி ஒன்று. ஆறுகாட்டுத்துறை வலையில் விரல் நீளத்தில் வந்த பேத்தை ஒன்று. ‘அண்ணே, பேத்தைய யாரும் திங்க மாட்டாங்க, விஷம். உங்க தொட்டில கெடக்கட்டும்’ என்று ஒரு மீனவத் தம்பி வாளியோடு கொண்டுவந்து கொடுத்தது, இப்போது முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. மூன்றாவது, கட்டைவிரல் அளவே இருந்த நீல டாம்சல். மூவரில் அதிகச் சண்டைக்காரர் இந்தக் கட்டைவிரல்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். கையை உள்ளே விட்டால் முதலில் வந்து கொத்துவது அதுதான்.

கிளாத்தியின் வேலை வேறு மாதிரி. முதுகில் முதல் முள்ளை நிமிர்த்தினால் அடுத்த முள் அதற்கு முட்டுக் கொடுத்துவிடும். கல் இடுக்கில் புகுந்துகொண்டு முள்ளைத் தூக்கிவிட்டால் யாராலும் வெளியே இழுக்க முடியாது. வாயில் தண்ணீரைப் பிடித்து மணலில் பீய்ச்சியடித்து, அடியில் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவரும். கடல் முள்ளெலியையும் இப்படியே தண்ணீர் ஊதிக் கவிழ்த்துப் போட்டு, முள் குறைவாக இருக்கும் அடிவயிற்றில் கடிக்கும். இதை நான் நேரில் பார்த்தேன். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாங்கள் கூடத்தில் டி.வி.யை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, பாசிக்கு வருகிறேன். மகன் போன மூன்றாம் மாதம் கண்ணாடியில் காவி பூசியது போல ஒரு படலம் வந்தது. துடைத்தால் போனது, மறுநாள் வந்தது. அப்புறம் கல்லின் மேல் பச்சை மயிர் முளைத்தது. ஆடிப் பதினெட்டில் வாய்க்காலோரம் நாணல் அசைவது போல, பம்பு ஓடும் திசைக்கெல்லாம் அது சாய்ந்து ஆடும். பார்க்க அழகாகக்கூட இருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் கல் எது மணல் எது என்று தெரியவில்லை. மணலின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் வழவழவென்று ஒரு போர்வை வேறு.

கடைக்காரர் ஒருவரிடம் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். உங்கள் கட்டுரையில் இருந்த அதே மருந்துச் சீட்டைத்தான் அவரும் எழுதினார். நத்தை ஒன்று நாற்பது ரூபாய் வீதம் இருபது நத்தை. வெள்ளிக்கிழமை விட்டேன். திங்கட்கிழமை ஓடுகள் மட்டும் கிடந்தன. பேத்தைக்குப் பல் கிளியின் அலகு மாதிரி, ஓட்டோடு நொறுக்கும். சன்யாசி நண்டுகள் ஒரு வாரம் தாக்குப்பிடித்தன, இடுக்கில் ஒளிந்துகொண்டு. தின்றது போக மிச்சம் கல்லுக்கடியில் கிடந்து அழுகியது. அடுத்த வாரம் பாசி முன்னைவிடச் செழித்தது. களையெடுக்க ஆள் விட்டேன், ஆள் உரமாகிவிட்டான்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதே கடைக்காரர் அடுத்ததாக ஒரு பொட்டலம் கொடுத்தார். ‘பாசியை மட்டும் கொல்லும், மீனுக்கு ஒன்றும் செய்யாது.’ உறையில் என்ன சரக்கு என்று எழுதியிருக்கவில்லை. உர மூட்டையில் விகிதம் அச்சடிக்காமல் வந்தால் இறக்கிவைக்கவே விடாத நான், இதை வாங்கி அளந்து கொட்டினேன். இரண்டே நாளில் பாசி வெளுத்தது. மூன்றாம் நாள் விடியற்காலை தண்ணீர் பால் போலக் கலங்கியிருந்தது. டாம்சல் செத்து மிதந்தது. கிளாத்தியும் பேத்தையும் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவ்வளவு பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராண வாயுவை அது தின்றுவிடும். மகனுக்குப் போன் போட்டேன். காற்று பம்பு இரண்டை ஓட விட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, கல்லையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவி, மத்தியானம் மூன்று மணிக்குத்தான் நாங்கள் சாப்பிட்டோம். பாசி ஆறே வாரத்தில் திரும்பி வந்தது. செத்த பாசியில் இருந்த சத்தெல்லாம் தொட்டியிலேயேதானே கிடந்தது, எங்கே போகும்?

இங்கே மயில்துத்தம் பற்றி ஒரு வார்த்தை. நெல் வயலில் பாசி கட்டினால் அதைக் கோணிப்பையில் முடிந்து வாய்மடையில் போட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். நானே எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். அந்த நினைப்பில் கடல்நீர்த் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது தாமிரம். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு எமன். செதில் இல்லாத பேத்தை போன்ற மீன்களும் தாங்காது. கல்லிலும் மணலிலும் ஊறிப்போய், பிறகு மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு சாதாரண சாயங்காலம். மீனுக்குப் போட இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டார்கள்: ‘தினமும் எவ்வளவு போடுறீங்க?’ அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன். 50 கிராம். கிளாத்தி கேட்டுக் கேட்டு வாங்கும், கண்ணாடியைத் தட்டும், பீய்ச்சி என் சட்டையை நனைக்கும். இரக்கப்பட்டுப் போட்டுப் போட்டு 50 கிராமில் வந்து நின்றிருந்தது. ‘இது மீனுக்குப் போடுறதா, தொட்டிக்குப் போடுறதா?’ என்றார்கள். என்ன நினைத்துக் கேட்டார்களோ தெரியாது. எனக்குப் பழைய உத்தியோகம் கண்முன் வந்து நின்றது.

கணக்கு இதுதான். இறாலில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். 50 கிராமில் 10 கிராம். புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக 1.6 கிராம் தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். வகுத்துப் பாருங்கள், மூன்றரை கிராம் யூரியா. மணிச்சத்துக்கு வந்தால், 50 கிராம் இறாலில் பாஸ்பரஸ் சுமார் 0.1 கிராம். டிஏபி உர மூட்டையில் 18-46 என்று அச்சடித்திருப்பதில் அந்த 46 பாஸ்பரஸ் ஆக்சைடுக் கணக்கு. நிஜப் பாஸ்பரஸ் 20 சதவீதம்தான் தேறும். அப்படியானால் அரை கிராம் டிஏபி. மீன் தன் உடம்பு வளர்க்க இதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வளர்ந்து முடிந்த மீன் எவ்வளவு எடுக்கும்? பெரும்பங்கு செவுள் வழியாகவும் கழிவாகவும் தண்ணீருக்கே வரும்.

தினமும் மூன்றரை கிராம் யூரியா என்றால் வருஷத்துக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல். தொட்டியின் பரப்பு 12 சதுர அடி. இதை ஏக்கருக்குக் கொண்டுபோனால் 45 கிலோ மூட்டையில் நூறு மூட்டையைத் தாண்டுகிறது. ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கத்து ‘மா’; அந்தக் கணக்கில் ஒரு மாவுக்கு 34 மூட்டை! எந்த விவசாயியாவது சிட்டா அடங்கலோடு வந்து ஒரு மாவுக்கு 34 மூட்டை யூரியா கேட்டிருந்தால், முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன். நானோ ஒரு வருஷமாக அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல். நிற அட்டையில் அதற்கு மேல் நிறம் இல்லை. பாஸ்பேட் 2. வெப்பக் கடலின் மேல்மட்டத் தண்ணீரில் பாஸ்பேட் 0.1ஐக்கூடத் தொடாது. 50 கிராம் இறாலின் பாஸ்பரஸ் முழுதும் பாஸ்பேட்டாகக் கரைந்தால் சுமார் 300 மில்லிகிராம்; என் தொட்டியில் 600 லிட்டர்; ஒரே நாளில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் ஏறிவிடும். நத்தை இருபது இல்லை, இருநூறு விட்டாலும் இதற்கு எந்த மூலை? நத்தை பாசியைத் தின்று அங்கேயேதான் கழிக்கும். சத்து தொட்டியை விட்டு வெளியே போக வேண்டும். போகிற வழியைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதலில் வரவைக் குறைத்தேன். இப்போது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 கிராம். உறைந்த இறாலையும் கணவாயையும் அப்படியே போட மாட்டேன். டீ வடிகட்டியில் வைத்து நல்ல தண்ணீரில் கரையவிட்டு, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுத்தான் போடுவேன். மத்தி போட மாட்டேன், எண்ணெய். பேத்தைக்கும் கிளாத்திக்கும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாவிட்டால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடக்கும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டியும் சின்ன நண்டும் ஓட்டோடு. கால் மணி நேரத்தில் மிச்சத்தை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கையை விடக் கூடாது. என் வலது ஆள்காட்டி விரல் நுனியில் இருக்கும் அரைவட்டத் தழும்புக்குச் சொந்தக்காரர் பேத்தை. முதல் இரண்டு வாரம் கிளாத்தி கண்ணாடியைத் தட்டி என்னைத் திட்டித் தீர்த்தது. பிறகு பழகிவிட்டது.

தண்ணீர் அடுத்தது. ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் மகன் இருந்தபோது சுத்திகரித்த தண்ணீர் ஊற்றினான். அவன் போனபிறகு நான் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். சித்திரை வெயிலில் நாளைக்கு ஏழெட்டு லிட்டர் போகும். தண்ணீர்தான் ஆவியாகும், அதில் வந்த சத்து போகாது. தினம் தினம் சேரும். இப்போது ஆர்ஓ தண்ணீர் மட்டும். ஒரு எச்சரிக்கை: வீட்டு ஆர்ஓ இயந்திரங்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும், தாதுச் சத்து சேர்க்கும் குழாயும் சிலதில் இருக்கும். மீனுக்குப் பிடிக்கும்போது அவை இரண்டையும் தாண்டிப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மானி நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் நாம், கடல் தண்ணீரை எடுத்து வந்தால் போயிற்று என்று தோன்றும். நானும் ஆறுகாட்டுத்துறையிலிருந்து கேன் கேனாகக் கொண்டுவந்தேன். அதுவும் ஐப்பசியில். வடிகால் ஆறெல்லாம் வயல் தண்ணீரைக் கொண்டுவந்து கடலில் விடுகிற நேரம். கரையோரம் கலங்கல், உப்பும் குறைந்திருக்கும். நான் மூட்டை மூட்டையாக விற்ற டிஏபியில் ஏதோ ஒரு துளி வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய், என் கேனில் ஏறி, என் வீட்டுக் கூடத்துக்கே வந்திருக்கலாம். கர்மா என்பது இதுதான் போலும். சரி, உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறதே, 1930இல் ராஜாஜி நடந்து வந்து அள்ளிய வேதாரண்யம் உப்பு இருக்கிறதே, கரைத்து ஊற்றலாமா என்றால், அதுவும் ஆகாது. கடல்நீரின் உப்புகளில் சமையல் உப்பு நூற்றுக்குச் சுமார் 85 பங்குதான். மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் மிச்சத்தில். உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் நிற்கும் கசப்புத் தண்ணீரோடு அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நூறு லிட்டர் மாற்றுகிறேன். செலவுதான்.

இனி பெரிய செலவு இல்லாத விஷயம். இதைத்தான் உங்கள் கட்டுரையில் எதிர்பார்த்தேன். பாசியை ஒழிக்க ஒரே வழி பாசி வளர்ப்பது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வளராமல் நாம் சொல்கிற இடத்தில் வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி என்பவர் 1980 வாக்கிலேயே பாசித் தட்டு ஒன்றைச் செய்து காட்டினார். நான் செய்தது அதன் ஏழை வீட்டுப் பதிப்பு. பத்து அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரத்தில் எம்பிராய்டரி போடும் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று. ஹேக்சா பிளேடால் இரண்டு பக்கமும் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்கினேன். வழவழப்பாக இருந்தால் பாசி பிடிக்காது. முக்கால் அங்குல பிவிசி குழாயில் நீளவாட்டில் ஒரு வெட்டு, அதில் சல்லடையைச் செருகி, தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டிப் பெட்டிக்கு மேல் தொங்கவிட்டேன். மணிக்கு 1,500 லிட்டர் இறைக்கும் சின்ன பம்பு. சல்லடையின் இருபுறமும் தண்ணீர் மெல்லிய தகடாக வழிய வேண்டும். இரண்டு பக்கத்திலும் நான்கு அங்குலத் தூரத்தில் செடி வளர்ப்பதற்கென்று விற்கும் சிவப்பு எல்இடி விளக்கு. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுக் காலையில் அணைப்பேன். மேலே தொட்டியின் விளக்கை 12 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரம் காவிப் படலம். ஐந்தாம் வாரம் சல்லடையில் நாற்றங்கால் போலப் பச்சை. விதை எங்கிருந்தும் வாங்க வேண்டியதில்லை, தண்ணீரிலேயே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அறுவடை. சல்லடையைக் கழற்றிக் கழுவுதொட்டியில் வைத்து, பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினால் இருநூறு கிராம் ஈரப் பாசி வரும். முழுதும் மழித்துவிடக் கூடாது, கட்டை விட வேண்டும், கரும்பு மாதிரி. நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசித் திரும்ப மாட்ட வேண்டும். அந்த இருநூறு கிராமில் போகிறது என் யூரியாவும் டிஏபியும். கிளாத்தியோ பேத்தையோ அங்கே வர முடியாது. தொட்டி மீன் முரடாக இருந்தாலும் சாதுவாக இருந்தாலும் சல்லடைக்கு ஒன்றுதான்.

சுரண்டியதை வாய்க்காலில் வீசாதீர்கள். கடல் பாசி வகை எதையும் தொட்டியிலிருந்து ஆற்றிலோ கடலிலோ கொட்டக் கூடாது. 1984இல் மொனாக்கோவில் கடல் அருங்காட்சியகத்துக்கு அடியில் ஒரு துண்டு காலெர்ப்பா பாசி தென்பட்டது. அதுவே பிறகு மத்திய தரைக்கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் படர்ந்தது. அந்தக் காலெர்ப்பாவைத்தான் ‘அழகுக்கு’ வளர்க்கச் சொல்லி உங்கள் கட்டுரை ஒரு வரி எழுதியிருந்தது. அது ஒருநாள் திடீரென்று வித்து விட்டுக் கண்ணாடி போல வெளுத்துச் சாகும். அதுவரை உறிஞ்சிய சத்தையெல்லாம் ஒரே ராத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடும். நான் என் பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன். தென்னைக்குப் போடலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போட்டுப் பார்த்தோம், தென்னை ஒன்றும் சொல்லவில்லை, கறிவேப்பிலை கருகிவிட்டது.

கத்தரிப்பூ நிறப் போர்வை மட்டும் லேசில் போகவில்லை. அது என்ன என்று விசாரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலப்பச்சைப் பாசியின் உறவு! நெல்லுக்கு உயிர் உரம் என்று நானே பொட்டலம் பொட்டலமாக விற்றது. காற்றில் இருக்கும் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஜாதி அதில் உண்டு, அதனால்தான் வயலில் தூவச் சொன்னோம். அதே குணத்தால் தொட்டியில் நைட்ரேட்டை மட்டும் குறைத்தால் அது அசையாது. மணிச்சத்தைக் குறைக்க வேண்டும். இரும்பு ஆக்சைடுக் குருணை என்று ஒன்று விற்கிறார்கள்; ஒரு பையில் போட்டுத் தண்ணீர் ஓடும் வழியில் வைத்தால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். செம்மண் நிலத்தில் மணிச்சத்து எவ்வளவு போட்டாலும் இரும்பு பிடித்துவைத்துக்கொள்ளும் என்று சங்கத்துக்கு வரும் விவசாயிகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே சங்கதி. கூடவே மணலுக்கு அருகில் நீரோட்டம் படும்படி ஒரு பம்பைத் திருப்பி வைத்து, குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரேயடியாகப் பாஸ்பேட்டைச் சைபருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், அதற்கென்று வேறு வழவழப்பு காத்திருக்கும். எனக்கு 0.1 போதும்.

மொத்தம் ஐந்து மாதம் ஆயிற்று. கல்லில் ஊறியிருந்த பாஸ்பேட் கசிந்துகொண்டே இருந்ததால் முதல் மூன்று மாதம் சோதனைக் குழாயில் நிறம் மாறவே இல்லை. அந்த மாதங்களில் வாரம் ஒரு கல்லாக வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் வைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இடுப்பு வலி கண்டது. இப்போது நைட்ரேட் 20ஐச் சுற்றி நிற்கிறது. கல்லில் மயிர் இல்லை. அங்கங்கே ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி படிகிறது. அது நல்ல பாசி, கிளாத்தியின் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது.

உயிருள்ள துப்புரவாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஆளைச் சொல்வேன், ஓரா. ஆம், குழம்பு வைக்கிற அதே ஓரா. பாசி மேய்கிற மீன். முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் கிளாத்தி ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் விடுகிற முறை இருக்கிறது. மற்ற மீன்களைவிடச் சின்னதாக வாங்கக் கூடாது. விடுகிற அன்று கல்லையெல்லாம் கலைத்து மாற்றி அடுக்கிவிட வேண்டும், பழையவர்களுக்குத் தங்கள் எல்லை எது என்று மறந்துபோகும். ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்துப் பத்து நாள் முகம் பார்க்கவிட்டுப் பிறகு தடுப்பை எடுக்க வேண்டும். நான் அப்படித்தான் விட்டேன், எட்டு மாதமாக நன்றாக இருக்கிறது. அதுவும் தின்னும், அதுவும் கழிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். என் ஞாயிற்றுக்கிழமை அறுவடையில் ஒரு பிடி அதற்குத்தான். கையால் தொடுவதாக இருந்தால் வேண்டாம்; முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் கோபமாகவே எழுத நினைத்தேன். ‘அருகிலுள்ள கடற்கரையில் பவளப்பாறைத் துண்டுகளைச் சேகரித்து’ என்று ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அட்டவணை அது. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான். வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. என் தொட்டியில் இருப்பது சிமெண்ட்டோடு சிப்பி ஓட்டைக் கலந்து உப்புக் கல்லை உள்ளே வைத்து வார்த்த செயற்கைக் கல். உப்பு கரைந்துபோய் ஓட்டை ஓட்டையாக நிற்கும். இரண்டு மாதம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால் சுண்ணாம்புக் காரம் போய்விடும். பார்க்கிறவர்கள் அசல் என்றே நினைக்கிறார்கள்.

கட்டுரை வந்த பிறகு எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் என்னிடம் வந்து முள்ளெலி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் மீனவர்களிடம் சொல்லிவைத்து முன்பணமும் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் இருப்பதும் கிளாத்திதான். ஆகவே அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் வரும் ஞாயிறே போடுங்கள், முடிந்தால் அதே இடத்தில், அதே எழுத்தளவில்.

மகன் தை மாதம் வருகிறான். இன்னும் பெரிய கிளாத்தி ஒன்று வாங்கலாமா அப்பா என்று போனில் கேட்டான். முதலில் இன்னொரு சல்லடை வாங்கிக்கொண்டு வா என்றேன்.

என் பெயரைப் போட வேண்டாம். ஒரு மாவுக்கு 34 மூட்டை யூரியா போட்டவன் நான்தான் என்று சங்கத்தில் தெரிந்தால் டீ குடிக்கப் போக முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உர விற்பனை எழுத்தர்,
வேதாரண்யம்.